தர உறுதி ஒப்பந்தம்: உடைந்த போல்ட்டுக்கு யார் காசு கொடுப்பது?

12.9 என்ற உயர்ந்த வலிமை வகுப்பைச் சேர்ந்த எஃகு போல்ட் ஒன்று. விட்டம் 8 மில்லிமீட்டர், மேலே துத்தநாகப் பூச்சு. வாகனக் கம்பெனியின் அசெம்பிளி லைனில் சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்குகிறார்கள். எந்தக் குறையும் தெரியவில்லை. மறுநாள் காலை ஷிப்டுக்கு வருபவர், போல்ட்டின் தலை தனியாகத் தரையில் கிடப்பதைப் பார்க்கிறார். அதே லாட்டில், அதாவது ஒரே தொகுதியாக வந்த சரக்கில், மிச்சமிருப்பதை அளந்தால் நீளம் சரி, மரை சரி, கடினம் சரி. இழுவைச் சோதனையிலும் தேறிவிடுகிறது.

கோளாறு பூச்சுப் போடும் பிளேட்டிங் பட்டறையில் நடந்தது. பூச்சுக்கு முன் துருப்போக அமிலத்தில் முக்கும்போதும், பூச்சுத் தொட்டியில் மின்சாரம் பாயும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். 12.9 போல்ட்டின் கடினம் 385 முதல் 435 விக்கர்ஸ் (கடினத்தை அளக்கும் அலகு). இவ்வளவு கடினமான எஃகு இறுக்கப்பட்டு இழுவிசையில் நிற்கும்போது, அந்த ஹைட்ரஜன் தலைக்கும் தண்டுக்கும் இடையிலான வளைவு போல அழுத்தம் குவியும் இடத்துக்கு மெல்ல நகர்ந்து விரிசலைத் திறந்துவிடும். சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இழுவைச் சோதனைக்கு இது பிடிபடாது. தடுக்கும் வழி ஒன்றுதான் பெரும்பாலும் கையாளப்படுகிறது. பூச்சு முடிந்தவுடன், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், எப்படியும் நான்கு மணி தாண்டாமல், 190 முதல் 220 டிகிரி செல்சியஸ் சூளையில் வைத்துப் பல மணி நேரம் சுட்டெடுக்க வேண்டும். நிறம் தரும் பாசிவேஷன் அதற்குப் பிறகுதான். அன்றிரவு கரண்ட் இல்லை, சூளை ஓடவில்லை, வாசலில் வண்டி காத்திருந்தது. லாட் கிளம்பிவிட்டது.

போல்ட் அடித்தவர் ஒருவர், பூச்சுப் போட்டவர் இன்னொருவர், இறுக்கியவர் மூன்றாமவர். யார் கண்டுபிடித்திருக்க வேண்டும்? தெரிந்த பிறகு யார் யாருக்கு, எத்தனை மணி நேரத்தில் சொல்ல வேண்டும்? வண்டியில் ஏறிப் போய்விட்ட போல்ட்டுகளைத் தேடிக் கழற்றும் செலவு யாருடையது? இதற்கெல்லாம் சம்பவம் நடப்பதற்கு முன்பே எழுதி வைத்த பதில்தான் தர உறுதி ஒப்பந்தம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை என்று உதிரிபாகம் செய்யும் ஊர்களில் இந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல் பெரிய ஆர்டர் கிடைப்பது அரிது. ஆனால் கையெழுத்துப் போடுபவர்கள் பலர் அதில் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான்: பிபிஎம் இலக்கு, அதாவது பத்து லட்சம் துண்டில் எத்தனை கெட்டிருக்கலாம் என்பது. நஷ்டம் வருவது பெரும்பாலும் அந்த எண்ணால் அல்ல. மாற்ற அறிவிப்பு, செலவுப் பங்கீடு என்ற இரண்டு பகுதிகளால்.

எந்தத் தாள் எதை வெல்லும்

ஒரு பாகத்துக்குப் பின்னால் குறைந்தது ஐந்து ஆவணங்கள் இருக்கும். விலையையும் எண்ணிக்கையையும் சொல்லும் பர்ச்சேஸ் ஆர்டர், அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பொதுக் கொள்முதல் நிபந்தனைகள், டிராயிங், கஸ்டமரின் சப்ளையர் கையேடு, அப்புறம் தர உறுதி ஒப்பந்தம். ஒன்றில் வாரன்டி 24 மாதம் என்றும் இன்னொன்றில் 36 மாதம் என்றும் இருந்தால் எது செல்லும்? வரிசையை ஒப்பந்தமே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சண்டை வரும் நாளில் இரு தரப்பும் தமக்குச் சாதகமான தாளைத்தான் எடுத்துக் காட்டும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ‘கஸ்டமர் போர்ட்டலில் அவ்வப்போது வெளியாகும் கையேடு இந்த ஒப்பந்தத்தின் பகுதி’ என்று ஒரு வரி இருக்கும். படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். ஆனால் கையெழுத்துப் போட்டவர் இன்றைய கையேட்டுக்கு மட்டுமல்ல, அடுத்த ஆண்டு எழுதப்போகும் கையேட்டுக்கும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார். கையேட்டின் பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். புதிய பதிப்பு வந்தால் 30 நாளில் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள். பெரிய கம்பெனிகள் முதலில் முகம் சுளிக்கும். ஆனால் ஒத்துக்கொள்ளவே முடியாத கேட்பு அல்ல இது.

வாங்குபவர் ஏன் சோதிப்பதை நிறுத்தினார்

முன்பெல்லாம் வந்த சரக்கை வாங்குபவரே சோதித்தார். 2,000 போல்ட் வந்தால், ஐஎஸ் 2500 என்ற இந்தியத் தரநிலையின் அட்டவணைப்படி 125 சாம்பிள் எடுப்பார்கள். ஏக்யூஎல், அதாவது ஏற்கத்தக்க குறை அளவு, 1.0 சதவீதம் என்றால் அதில் மூன்று வரை கெட்டதாக இருந்தாலும் லாட் உள்ளே போகும், நான்கு இருந்தால் திரும்பும். ஒரு சதவீதம் கெட்டிருப்பது சகஜம் என்று நினைத்த காலத்துக்கு அது போதும்.

இன்றைய கணக்கு பத்து லட்சத்துக்கு எத்தனை என்பது. அங்கே சாம்பிள் சோதனை கையை விரித்துவிடும். பத்து லட்சத்துக்கு ஆயிரம் கெட்டது உள்ள ஒரு சரக்கில் 125 சாம்பிள் எடுத்து, ஒன்றுகூடக் கெட்டதாக இருக்கக் கூடாது என்று கறாராக வைத்தாலும், நூறு தடவையில் 88 தடவை அது தேறிவிடும். குறை 50 பிபிஎம்மைத் தாண்டவில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால், சுமார் 60,000 துண்டுகளைச் சோதித்து ஒன்றுகூடக் கெடாமல் இருக்க வேண்டும். அவ்வளவு சோதித்தால் வண்டி செய்ய நேரமிருக்காது. நம் போல்ட்டின் விஷயத்தில் மொத்த லாட்டையும் அளந்தாலும் பயனில்லை, ஏனென்றால் கெட்டது அளவில் இல்லை.

ஆகவே சோதனை செய்முறைக்குள் போனது, செய்முறை சப்ளையரிடம் இருக்கிறது, பொறுப்பும் அவரிடம் போனது. ‘வரவுச் சோதனை எண்ணிக்கை, அடையாளம், கண்ணுக்குத் தெரியும் போக்குவரத்துச் சேதம் ஆகியவற்றோடு நிற்கும்’ என்ற வரி இப்படித்தான் வந்தது. சரக்கு நேராக லைனுக்குப் போகும் ஏற்பாட்டில் வேறு வழியும் கிடையாது.

இந்த வரியின் சட்ட வேர் ஜெர்மனியில் தெளிவாகத் தெரியும். அந்நாட்டு வணிகச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, வணிகர் வணிகரிடம் வாங்கினால் தாமதமின்றிச் சோதித்து, குறையிருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அந்தக் கடமையைக் குறைத்து எழுதத்தான் ஜெர்மன் வாகனக் கம்பெனிகளின் ஒப்பந்தங்கள் அவ்வளவு பாடுபடுகின்றன. அதன் நகல்தான் வாசகம் மாறாமல் நம்மூர்ப் பட்டறைக்கும் வந்து சேர்கிறது.

நம்மூர்ச் சட்டம் அப்படியே அதுவல்ல. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை வாங்குபவர் ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்கிறது. 42-ஆம் பிரிவு, நியாயமான காலம் கடந்தும் நிராகரிப்பதாகச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகும் என்கிறது. ஏற்றுக்கொண்ட பிறகும் குறைக்கு நஷ்டஈடு கேட்கலாம், ஆனால் சரக்கைத் திருப்பி அனுப்பும் உரிமை பொதுவாகப் போய்விடும். ‘நியாயமான காலம்’ எத்தனை நாள் என்று சட்டம் சொல்வதில்லை. ஒப்பந்தம் சொல்லலாம்.

குறு, சிறு நிறுவனங்களுக்கு இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கு வந்து சேர்ந்த 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். அங்கிருந்து எண்ணி, எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும்; ஒப்பந்தம் என்ன சொன்னாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டப்படும் வட்டி. மூன்று மாதம் கழித்து ஒரு டெபிட் நோட் (பணத்தைக் கழிப்பதாகச் சொல்லும் தாள்) அனுப்பி, அதைக் காட்டி எல்லா பில்லையும் நிறுத்தி வைப்பது பலர் அறிந்த பழக்கம். அந்த டெபிட் நோட் எந்த லாட்டைப் பற்றியது, 15 நாளுக்குள் எழுத்தில் ஏதாவது வந்ததா என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்க வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த 15 நாள் பணம் கொடுப்பதற்கான கணக்கு. மறைந்திருந்து பின்னால் வெளிப்படும் குறைக்கான பொறுப்பை அது அழித்துவிடாது.

மருந்துத் தொழிலில் இந்தத் தாள் பேரம் பேசும் விஷயமே அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்து உற்பத்தி நெறிமுறையின் 7-ஆம் அத்தியாயம், வெளியே கொடுத்துச் செய்யும் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. அமெரிக்க மருந்து நிர்வாகமும் 2016 நவம்பரில் இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. வாகனத் தொழிலில் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, கஸ்டமர் கட்டாயப்படுத்துகிறார். அதனால்தான் வாசகம் ஒருபக்கமாகச் சாய்கிறது.

முதல் துண்டுக்கு ஒப்புதல்

வழக்கமான உற்பத்தி தொடங்கும் முன் கஸ்டமர் கொடுக்கும் ஒப்புதலைப் பட்டறையில் பீபேப் என்பார்கள். அமெரிக்க வாகனத் தொழில் அமைப்பின் 2006-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு 18 உருப்படிகள், ஐந்து சமர்ப்பிப்பு நிலைகள். வேறு ஏதும் சொல்லாவிட்டால் மூன்றாம் நிலை. பட்டியலை நீட்டி எழுதத் தேவையில்லை, எல்லாரிடமும் படிவம் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, சாம்பிள் எப்படிச் செய்யப்பட்டது என்பது. உண்மையான டை (அச்சு), உண்மையான மெஷின், உண்மையான ஆட்களோடு, ஒரு மணி முதல் எட்டு மணி நேரம் ஓட்டி, குறைந்தது 300 துண்டு தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். நடப்பது என்ன? டூல்ரூமில் கைதேர்ந்தவர் ஒருவர் பத்துத் துண்டைப் பிசிறு நீக்கி, பார்த்துப் பார்த்துச் செய்து அனுப்புகிறார். ஒப்புதல் கிடைக்கிறது. ஆறு மாதம் கழித்து, மூன்றாவது ஷிப்டில் ஓடும் துண்டு அந்தப் பத்தைப் போல இல்லை என்று புகார் வருகிறது. கையில் இருக்கும் ஒப்புதல் தாள் அப்போது சப்ளையருக்கு எதிராகவே பேசும்: ‘இப்படிச் செய்ய முடியும் என்று நீங்கள்தானே காட்டினீர்கள்?’

அளவு தகராறும் இங்கேதான் முளைக்கிறது. 200 மில்லிமீட்டர் நீள அலுமினியப் பாகம். கோடையில் பட்டறை வெப்பம் 35 டிகிரி. அளவுகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும். 15 டிகிரிக்கும் 0.2 மீட்டருக்கும் கணக்குப் போட்டால் 0.069 மில்லிமீட்டர். பட்டறையில் அளக்கும் எஃகுக் கருவியும் அதே சூட்டில் பாதியளவு விரிந்திருப்பதால், சுமார் 0.035 வித்தியாசம்தான் கண்ணில் படும். பொறுதி, அதாவது அனுமதித்த விலகல், ±0.05 என்றால் ஒரு பக்கத்தில் 70 சதவீதம் அங்கேயே போய்விட்டது. குளிரூட்டிய அறையில் கஸ்டமரின் சிஎம்எம் என்ற அளவீட்டு மெஷின் ‘சிறியது’ என்கிறது, பட்டறை ‘சரியாக இருந்தது’ என்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. எந்த வெப்பநிலையில், எந்த டேட்டத்தை (அளவு தொடங்கும் அடிப்படைப் பரப்பை) பிடித்து, யாருடைய கேஜில் அளந்தது இறுதி என்று ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதியிருந்தால் இந்தச் சண்டைக்கு இடமில்லை. ஒத்துக்கொள்ள முடியாதபோது எந்த மூன்றாம் தரப்பு ஆய்வகம், அதன் கட்டணம் யாருடையது என்பதையும் அதே இடத்தில் எழுதிவிடலாம்.

சொல்லாமல் மாற்றுவது

இனி சொல்லப்போவதுதான் இந்தத் தாளின் உயிர்நாடி. டை மாற்றினால், மெஷினை இடம் மாற்றினால், மூலப்பொருள் வாங்கும் ஆலையை மாற்றினால், ஜாப் வொர்க் கொடுக்கும் பட்டறையை மாற்றினால், சோதனை முறையை மாற்றினால் முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கி, அதன்பிறகே அனுப்ப வேண்டும். எவ்வளவு முன்கூட்டி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மூன்று மாதம், ஆறு மாதம் என்றெல்லாம் கேட்பார்கள்.

இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரத்தைவிடப் பெரிய பாடம் கிடையாது. ஷெவர்லே கோபால்ட், சாடர்ன் அயன் போன்ற கார்களுக்கு டெல்ஃபி கம்பெனி செய்து கொடுத்த சுவிட்ச் அது. சாவியைத் திருப்பத் தேவையான டார்க் 20 நியூட்டன் சென்டிமீட்டர், கூட்டியோ குறைத்தோ 5 என்பது ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த நிர்ணயம். சப்ளையர் செய்த சோதனைகளிலேயே அது குறைவாக வந்தது. இருந்தும் 2002-இல் கஸ்டமர் பக்கத்துப் பொறியாளர் ஒப்புதல் கொடுத்தார். சாவிக்கொத்தின் கனத்தாலோ முழங்கால் பட்டோ சாவி நழுவி, ஓடும் வண்டியில் இஞ்சின் நின்றது, ஏர்பேக்குக்கு மின்சாரம் போகவில்லை. 2006-இல் சுவிட்சின் உள்ளே நீளமான பிளஞ்சரும் ஸ்பிரிங்கும் வைத்துச் சரிசெய்தார்கள். பாக எண்ணை மாற்றவில்லை.

அந்த ஒரு எண்தான் விசாரணையை ஆண்டுக்கணக்கில் தாமதப்படுத்தியது. பழைய கார்களில் ஏர்பேக் விரியவில்லை, புதிய கார்களில் விரிகிறது, இரண்டிலும் ஒரே எண் கொண்ட சுவிட்ச். கம்பெனிக்குள் தேடியவர்களுக்கு ஒரே பாகம் என்றுதான் பதிவுகள் சொல்லின. 2013-இல், ஒரு வழக்குக்காக வெளியாள் ஒருவர் இரண்டு சுவிட்சையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. 2014-இல் உலகம் முழுவதும் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது.

இதில் சப்ளையர் யாருக்கும் தெரியாமல் மாற்றவில்லை. கஸ்டமரின் கையெழுத்து இருந்தது. ஆனால் ஒரு பொறியாளரின் கையெழுத்து மட்டுமே இருந்தது. ஆகவே மாற்ற அறிவிப்புப் பகுதியைப் படிக்கும்போது, கஸ்டமர் பக்கத்தில் எந்தப் பதவியில் இருப்பவர் ஒப்புதல் கொடுத்தால் செல்லும் என்று பாருங்கள். ‘வாட்ஸ்அப்பில் ஓகே சொன்னார்’ என்பது மூன்று ஆண்டு கழித்து, அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்ட நாளில், எதற்கும் உதவாது. பொருத்தமோ செயலோ பாதுகாப்போ மாறினால் பாக எண்ணோ திருத்த எண்ணோ மாற வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நிர்ணயத்துக்குச் சற்று வெளியே போன லாட்டை ‘இந்த ஒரு தடவை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று கேட்பதும் இதே இனம்தான். பட்டறையில் டீவியேஷன் என்பார்கள், ஜப்பானில் டொக்குசாய். கேட்டுப் பெற்றால் முறையானது. 2017 அக்டோபரில் கோபே ஸ்டீல் கம்பெனி, கஸ்டமரைக் கேட்காமலேயே அந்தப் பெயரில் அலுமினிய, செப்புப் பொருள்களின் சோதனைச் சான்றிதழில் எண்களை மாற்றி எழுதி அனுப்பியதை ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட கம்பெனிகள் 500-க்கும் மேல். உலோகத்தில் பெரும்பகுதி பயன்பாட்டுக்குத் தகுதியாகவே இருந்திருக்கலாம். சான்றிதழ் தகுதியாக இல்லை. வரவுச் சோதனையைக் கைவிட்ட தொழிலில் அந்தத் தாள் ஒன்றுதான் கஸ்டமரின் கண். டீவியேஷன் கேட்கும் படிவத்தில் எண்ணிக்கையும் கடைசித் தேதியும் இல்லாவிட்டால், ஒரு தடவை என்பது வழக்கமாகிவிடும்.

மீண்டும் பிளேட்டிங் பட்டறைக்கு வருவோம். போல்ட் செய்தவருக்கும் வாகனக் கம்பெனிக்கும் ஒப்பந்தம் இருந்தது. பிளேட்டிங் பட்டறைக்கு இருந்தது ஒரு டெலிவரி சலான் மட்டும். ‘சப்ளையர் தன் துணைச் சப்ளையர்கள்மீதும் இதே கடமைகளைச் சுமத்த வேண்டும்’ என்ற வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே யாரிடமும் கையெழுத்து வாங்காமல் இருப்பது இத்தொழிலின் பரவலான நோய். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு 40 பக்க ஆங்கில ஒப்பந்தத்தைக் கொடுத்துப் பயனில்லை என்பதும் உண்மைதான். ஒரு பக்கம் தமிழில் எழுதினால் போதும். எந்தப் பாக எண்ணுக்கு சூளை கட்டாயம், பூச்சு முடிந்த நேரமும் சூளையில் ஏற்றிய நேரமும் எழுதிய தாள், வெப்பநிலைப் பதிவு, ‘சூளை ஓடாவிட்டால் சரக்கு நகரக் கூடாது, இந்த எண்ணுக்கு போன்’ என்ற ஒரு வரி. ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங், வெல்டிங் மூன்றும் முடிந்த துண்டைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க முடியாத வேலைகள். ஆடிட்டுக்கு நேரம் குறைவாக இருந்தால் அங்கே மட்டும் போய்வந்தாலும் பாதிக் கவலை தீரும்.

பிபிஎம் என்ற எண்

இலக்கு 50 பிபிஎம் என்கிறார்கள். மாதம் 2,000 துண்டு அனுப்பும் சப்ளையரிடம் ஒரே ஒரு துண்டு கெட்டால் அந்த மாதம் 500 பிபிஎம். அவரால் 50-ஐத் தொடவே முடியாது, பூஜ்யம் அல்லது 500 மட்டுமே. இந்த அளவுக்கு எண்ணிக்கை குறைந்தவர்களுக்குப் புகார்களின் எண்ணிக்கைதான் நேர்மையான அளவுகோல், அல்லது 12 மாதக் கூட்டுத்தொகையில் கணக்கிட வேண்டும்.

எதைக் கெட்டதாக எண்ணுவது என்பது அதைவிட முக்கியம். 2,000 துண்டில் மூன்று கெட்டது, லாட் முழுவதும் நிறுத்தப்பட்டது. மூன்றை எண்ணினால் 1,500 பிபிஎம், லாட்டை எண்ணினால் பத்து லட்சம். ‘பிரித்துப் பார்த்து, சப்ளையரும் சோதித்து உறுதியான துண்டுகள் மட்டும்’ என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். கஸ்டமரின் லைனில் கீழே விழுந்து நசுங்கிய துண்டும் சப்ளையர் கணக்கில் ஏறுவது, அந்தச் சொற்கள் இல்லாத இடத்தில்தான்.

ஜெர்மானியரோடு வியாபாரம் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘பூஜ்யக் குறை’யை நோக்கமாக ஏற்பது வேறு, உத்தரவாதமாக ஏற்பது வேறு. உத்தரவாதம் என்று எழுதினால் தவறே செய்யாவிட்டாலும் பொறுப்பு வந்துவிடலாம். சட்டம் சுமத்தும் பொறுப்புக்கு மேல் நீங்களாக ஏற்றுக்கொண்டதற்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கவும் இடமுண்டு.

புகார் வந்த நாளில்

புகாரைத் தீர்க்கும் 8டி என்ற எட்டுப் படி முறை எல்லாருக்கும் தெரியும். 24 மணி நேரத்துக்குள் தடுப்பு நடவடிக்கை, பத்து அல்லது பதினான்கு நாளில் மூலகாரணம் என்பது வழக்கமான காலக்கெடு. முதல் 24 மணியில் செய்ய வேண்டியது எண்ணுவது. பட்டறையில் எவ்வளவு, வழியில் லாரியில் எவ்வளவு, கிடங்கில் எவ்வளவு, கஸ்டமர் லைனில் எவ்வளவு, வண்டியில் எவ்வளவு. லாட் எண்ணும் ஹீட் எண்ணும் (எஃகு எந்த உருக்கில் வந்தது என்பது) துண்டோடு ஒட்டியிருந்தால் பதில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும். இல்லாவிட்டால் ‘சந்தேகத்துக்குரிய காலம்’ ஒரு நாளில் இருந்து மூன்று மாதமாக நீளும், அத்தனைக்கும் சார்ட்டிங் (நல்லது கெட்டது பிரிக்கும்) செலவு ஏறும். மேலே சொன்ன போல்ட்டில் சூளைப் பதிவு இருந்திருந்தால் ஓர் இரவின் சரக்கை மட்டும் பிடித்திருக்கலாம். பதிவு இல்லாததால், அந்தப் பட்டறை எப்போதெல்லாம் சூளையைத் தவிர்த்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒப்புதல், டூலிங் போன்ற ஆவணங்களைப் பாகம் உற்பத்தியிலும் சர்வீஸிலும் ஓடும் காலமும் அதற்குமேல் ஒரு காலண்டர் ஆண்டும் வைத்திருக்க வேண்டும் என்பது வாகனத் தொழிலின் ஐஏடிஎஃப் 16949 தரநிலையின் விதி. ஒப்பந்தங்கள் அதற்கு மேலும் கேட்கும்.

மூலகாரணத்தில் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு, பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று எழுதி அனுப்பினால் திரும்பி வரும், வரவும் வேண்டும். ஏன் உண்டானது என்பதற்கும் ஏன் தப்பி வெளியே போனது என்பதற்கும் தனித்தனி விடை வேண்டும்.

செலவுக் கணக்கு

கெட்ட துண்டின் விலை பத்து ரூபாய். அதன் பின்னால் வரும் பட்டியல் நீளம்: சார்ட்டிங் ஆட்களின் கூலி, ரீவொர்க், லைன் நின்ற ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு தொகை, புகார் ஒவ்வொன்றுக்கும் அலுவலகச் செலவு என்று ஒரு நிலையான கட்டணம், விமானத்தில் அனுப்பிய மாற்றுச் சரக்கு, டீலரிடம் வாரன்டியில் மாற்றிய செலவு, கடைசியாக, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைக்கும் ரீகால்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, தொலைவான, மறைமுகமான நஷ்டத்துக்கு ஈடு கிடையாது என்கிறது. 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அதை உச்சவரம்பாக வைத்து, நியாயமான ஈடே கிடைக்கும் என்கிறது. நிமிடத்துக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டதாலேயே முழுத்தொகையும் தானாக வந்துவிடாது. ஆனால் கஸ்டமர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. அடுத்த பில்லில் கழித்துக்கொள்கிறார். போக வேண்டியிருப்பது சப்ளையர். அதனால் பேரத்தை இங்கே செய்ய வேண்டும்: கழிப்பதற்கு முன் சப்ளையருக்குப் பதில் சொல்ல இத்தனை நாள், ஆதாரம் கட்டாயம், ஓராண்டுப் பொறுப்புக்கு உச்சவரம்பு அந்தப் பாகத்தின் ஆண்டு விற்பனையில் இத்தனை பங்கு. உச்சவரம்பை எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பதில் சொல்லும் நாள்களை ஒத்துக்கொள்வார்கள், அதுவே பாதித் தகராறைத் தீர்க்கும்.

வாரன்டியில் திரும்பும் பாகங்களில் எல்லாவற்றையும் யாரும் சோதிப்பதில்லை. நூறு திரும்பினால் இருபதைப் பிரித்துப் பார்ப்பார்கள். அதில் ஏழு சப்ளையர் தவறு என்று ஒப்புக்கொண்டால், 35 சதவீதம் என்ற விகிதம் மொத்தச் செலவுக்கும் பொருத்தப்படும். கவனம் அந்த இருபதில் இருக்க வேண்டும். எங்கிருந்து தேர்ந்தெடுத்தார்கள், ஒரே மாநிலத்து டீலர்களா, சோதித்து எந்தக் குறையும் தெரியாத துண்டு யார் கணக்கு என்பதெல்லாம் விகிதத்தைப் புரட்டிப் போடும். சோதனையின்போது சப்ளையரின் ஆள் கூடவே இருக்கும் உரிமையை எழுதி வாங்காமல் இந்தக் கணக்கில் இறங்கக் கூடாது.

சாதாரணப் பொருள் பொறுப்பு பாலிசி, அடிபட்டவருக்கும் சேதமான சொத்துக்கும் பணம் தரும். வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கழற்றி மாட்டும் செலவு பெரும்பாலும் அதில் அடங்காது; அதற்கு ரீகால் பாலிசி தனி. ஒப்பந்தத்தின் ரீகால் பக்கத்தையும் பாலிசியின் விலக்குப் பக்கத்தையும் ஒரே மேசையில் வைத்து, கையெழுத்துக்கு முந்தின நாள் இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடம் வரி வரியாகக் கேட்டுவிடலாம். அதற்கு ஒரு மதியம் போதும்.